பத்து மில்லிவோல்ட் போதும், நண்பா!



ஆண்டு மலருக்கு எழுதச் சொல்லி நம் சங்கத்து நண்பர்கள் வந்தபோது, "ஒரு கவிதை இருந்தா கொடுறா" என்றுதான் கேட்டார்கள். கவிதை எனக்கு வராது. கணக்கு ஓரளவுக்கு வரும். அதனால் ஒரு கணக்கைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். கடைசி வரை படித்துவிட்டு, திட்டுவதாக இருந்தால் திட்டுங்கள்.

இந்த ஆண்டு நம் விடுதியில் கிரிக்கெட்டுக்கும் சினிமாவுக்கும் அடுத்தபடியாக அதிகம் அடிபட்ட பேச்சு எது தெரியுமா? காதுக்குள் சொருகிக்கொள்ளும் பிளேனார் மேக்னெட்டிக் இயர்போன்! "மாப்ளே, இதுல கேட்டாத்தான்டா பாட்டு. மத்ததெல்லாம் வெறும் சத்தம்" என்று ஒரு கட்சி. "பன்னிரண்டாயிரம் ரூபாயைக் காதுல வெச்சு அடைக்கிறியே, பைத்தியமாடா உனக்கு?" என்று எதிர்க்கட்சி. மெஸ்ஸில் தோசை ஆறிப்போகும் அளவுக்கு வாக்குவாதம் நடந்தது.

நான் இரண்டு கட்சியிலும் சேரவில்லை. கருவி அருமையானதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் டிப்ளமோ படிக்கிற நாம் அதை வாங்குவதற்கு முன்னால் புரிந்துகொள்ள வேண்டும். கேட்பதற்கு முன்னால் அளந்து பார்க்க வேண்டும். இல்லையென்றால் பணமும் போகும், காதும் போகும். இதுதான் என் கட்சி. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு என் வீட்டுக் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மைக்செட்காரர் மகன்

நான் பிறந்து வளர்ந்தது மைக்செட் வீட்டில். திருவிழா, கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எது நடந்தாலும் அப்பாதான் எங்கள் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் ரேடியோ கட்டுவார். மாசி, பங்குனி வந்துவிட்டால் திருவப்பூர், நார்த்தாமலை, கொன்னையூர் என்று சுற்றிக்கொண்டே இருப்பார். வீட்டில் அவரைப் பார்ப்பதே அபூர்வம். முப்பது வருட உழைப்பு. அந்தக் காசில்தான் நான் இங்கே வந்து மின்னணுவியல் படிக்கிறேன்.

குழாய் ஒலிபெருக்கியின் யூனிட் எரிந்துபோனால் அப்பா திண்ணையில் உட்கார்ந்து அதைப் பிரித்துப் புது டயாபிரம் மாற்றுவார். பழைய டயாபிரம் எனக்கு விளையாட்டுச் சாமான். குழிவான ஒரு சின்னத் தகடு, அதன் விளிம்பில் முடி மாதிரி கம்பியால் சுற்றிய ஒரு வளையம். "இந்தக் கம்பிதான் தம்பி ஆடும். கம்பி ஆடுனா தகடு ஆடும், தகடு ஆடுனா காத்து ஆடும். அம்புட்டுதான் ஒலிபெருக்கி" என்பார். வாய்ஸ் காயிலைப் பற்றி நான் கேட்ட முதல் பாடம் அதுதான்.

சாதாரண இயர்போனுக்குள் இருப்பதும் அதே சங்கதிதான். ஒரு சின்ன டயாபிரம், அதில் ஒட்டிய ஒரு கம்பிச் சுருள், பக்கத்தில் ஒரு காந்தம். சுருளில் மின்னோட்டம் பாய்ந்ததும் ஃப்ளெமிங் இடக்கை விதிப்படி அது அசைகிறது. ஆனால் உந்துவிசை கிடைப்பது அந்த வளையத்துக்கு மட்டும். டயாபிரத்தின் மற்ற பகுதிகள் அதன் பின்னால் இழுபட்டுப் போகின்றன. வேகமான அதிர்வுகளில் எல்லாப் பகுதியும் ஒன்றுபோல் ஆடுவதில்லை.

பிளேனாரில் இந்தச் சுருளே கிடையாது. மிக மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின் மேலேயே, நம் பி.சி.பி.யில் தடம் போடுவதுபோல, மின்கடத்தித் தடத்தை வளைத்து வளைத்துப் போட்டுவிடுகிறார்கள். படலத்துக்கு இரண்டு பக்கமும் காந்த வரிசை. தடம் பரவியிருக்கும் பரப்பு முழுவதும் ஒரே நேரத்தில் உந்தப்படுகிறது. கனமான சுருளும் இல்லை. நன்றாகச் செய்தால் சிதைவு குறையும். இன்னொரு நல்ல குணமும் உண்டு. சுருள் இல்லாததால் இன்டக்டன்ஸ் மிகக் குறைவு. இம்பிடன்ஸ் கிட்டத்தட்ட வெறும் ரெசிஸ்டன்ஸ் மாதிரி எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே அளவாக நிற்கும்.

இது நேற்று வந்த யோசனை அல்ல. யமஹா நிறுவனம் 1976-லேயே இந்த வழியில் ஹெச்.பி.1 என்ற ஹெட்போனைக் கொண்டுவந்தது. ஆனால் காதுக்குள் நுழையும் அளவுக்கு அதைச் சுருக்க நாற்பது வருடம் பிடித்தது. 2016-இல் அமெரிக்காவின் ஆடிஸி நிறுவனம் ஐசைன் என்ற பெயரில் செய்தது. 2019-இல் சீனாவின் டின் ஹைஃபை பி1, 2021-இல் செவன்ஹெர்ட்ஸ் டைம்லெஸ் என்று வரிசையாக வந்து விலையும் இறங்கியது. சிறிய, வலுவான நியோடிமியம் காந்தங்கள் இல்லாமல் இது நடந்திருக்காது.

கஞ்சிராவின் சல்லிச் சத்தம்

என் அறைத் தோழன் ஒரு பிளேனார் வாங்கினான். பன்னிரண்டாயிரம் ரூபாய். அவன் அண்ணனுடைய கார்டில் பன்னிரண்டு மாதத் தவணை, மாதம் ஆயிரம். அந்த ஆயிரத்துக்கு வழி? 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அவன் கணக்குக்கு வந்துகொண்டிருந்த ஆயிரம்தான்! புத்தகத்துக்கும் பஸ்ஸுக்கும் என்று வந்த பணம் காதுக்குப் போனது. நண்பர்களே, அவனைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அவன் அனுமதி கொடுத்த பிறகுதான் எழுதுகிறேன்.

"கேட்டுப் பாத்துட்டுப் பேசுடா" என்று ஒரு நாள் என் காதில் மாட்டிவிட்டான். போட்டது ஹரிசங்கர் கஞ்சிரா வாசித்த ஒரு பழைய கச்சேரிப் பதிவு. கஞ்சிரா நம் ஊருக்குச் சொந்தமான வாத்தியம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பஜனைகளில் தட்டிக்கொண்டிருந்ததைக் கச்சேரி மேடைக்கு ஏற்றியவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. அதை வளர்த்தவர் அவருடைய சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை. பலா மரச் சட்டம், அதில் இழுத்து ஒட்டிய ஒரு தோல், ஓரத்தில் சல்லிக்காசு. யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய படலம்தானே!

உண்மையைச் சொல்கிறேன், அசந்துபோனேன். தோலில் விரல் விழும் 'தொம்' தனியாக, காசு குலுங்கும் 'ஜல்' தனியாக, இரண்டும் ஒன்றோடொன்று குழம்பாமல் கேட்டது. நூற்றைம்பது ரூபாய் இயர்போனில் இரண்டும் கலந்து ஒரே 'தப்' என்றுதான் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆகவே, "எல்லாம் ஒண்ணுதான்டா" என்று சொல்கிற எதிர்க்கட்சி நண்பர்களே, அது உண்மையில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அதைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். அப்பாவிடம் காட்டி, உள்ளே எப்படி இருக்கும் என்று படம் போட்டு விளக்கினேன். முப்பது வருடம் டயாபிரம் மாற்றிய கையல்லவா! ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொண்டார். "அப்போ சுருளைப் பிரிச்சுத் தகட்டுலயே ஒட்டிட்டான்! கெட்டிக்காரப் பய" என்று சிரித்தார். காதில் மாட்டிவிட்டு அதே கஞ்சிராவைப் போட்டேன்.

கொஞ்ச நேரம் கேட்டார். "கொஞ்சம் ஏத்து தம்பி" என்றார். ஏற்றினேன். மறுபடியும், "இன்னுங் கொஞ்சம்." பிறகு கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "நல்லாருக்கு. ஆனா காசுச் சத்தம்னு சொன்னியே, அது வரலையேப்பா" என்றார்.

காசுச் சத்தம் இயர்போனில் வந்தது. அப்பாவின் காதில்தான் வரவில்லை.

பிறகு ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போய்ப் பரிசோதித்தோம். வரைபடம் தாழ்ந்த சுரங்களில் சுமாராக நின்று, 4000 ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் கிணற்றில் இறங்குவதுபோல் இறங்கியிருந்தது. ஓயாத பெருஞ்சத்தத்தில் வாழ்ந்தவர்களின் காதுக்கு இதுவே அடையாளம் என்றார் மருத்துவர். ஒவ்வொரு காதின் உட்புறத்திலும் பதினைந்தாயிரத்துச் சொச்சம் மயிரணுக்கள்தான் இருக்கின்றன. செத்துப்போனது மறுபடி முளைக்காது. டயாபிரம் மாற்றுவதுபோல் மாற்ற முடியாது! அம்மா "சோறு போடவா" என்றால் அப்பா "யாரு?" என்று ஏன் கேட்கிறார் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது. நாங்கள் இத்தனை நாளும் அதைக் கிண்டல் செய்துகொண்டிருந்தோம்.

இப்போது கணக்கு

அப்பாவுக்கு அது தொழில். குழாய்க்குப் பக்கத்தில் நின்றால்தான் சோறு. நமக்கு என்ன கட்டாயம்?

"இந்தப் பிளேனாருக்கு சாதாரண போன் பத்தாது, பெரிய ஆம்ப் வேணும்" என்று விடுதியில் ஒரு நம்பிக்கை உலவுகிறது. அதைச் சோதிப்போம். 16 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 102 டெசிபல் என்று ஒரு கருவி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த வகைக் கருவிகளில் சகஜமான அளவு இது. பேப்பரும் பேனாவும் எடுங்கள்.

ஒரு மில்லிவாட்டுக்கு எத்தனை வோல்ட்? மின்திறனை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 0.126 வோல்ட், அதாவது 126 மில்லிவோல்ட். அதற்கே 102 டெசிபல்! சின்ன டாங்கிள் ஒன்று முழுசாக 1 வோல்ட் கொடுத்தால் 62.5 மில்லிவாட். அது 18 டெசிபல் கூடுதல். மொத்தம் 120 டெசிபல். இது காதே வலிக்கத் தொடங்குகிற எல்லை. இதற்கு மேல் எதற்கப்பா பெரிய ஆம்ப்?

இதையே தலைகீழாகப் போடுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, வாரத்துக்கு 40 மணி நேரம் வரை 80 டெசிபல். 102-இலிருந்து 22 டெசிபல் குறைய வேண்டும். வோல்டேஜில் அது ஏறத்தாழ 12.6 மடங்கு குறைவு. 126-ஐ 12.6-ஆல் வகுத்தால்?

பத்து மில்லிவோல்ட்!

நண்பர்களே, பன்னிரண்டாயிரம் ரூபாய்க் கருவி நமக்குப் பாதுகாப்பாகப் பாடுவதற்குச் சராசரியாகப் பத்து மில்லிவோல்ட் போதும். தாளம் உச்சத்துக்குப் போகும்போது அதைப்போல் சில மடங்கு கணநேரம் எழும், இறங்கும். அதற்கும் கையில் இருக்கிற போனே ஏராளம்.

சும்மா இருக்குமா நம் மூளை? ஒரு பிரிப்பான் கம்பி போட்டு, தோழன் வழக்கமாகக் கேட்கும் அளவில் பாட்டை ஓடவிட்டு, ஆய்வகத்து சி.ஆர்.ஓ.வில் பார்த்தோம். சராசரியாக 60 மில்லிவோல்ட் சுமாருக்கு ஆடியது. கணக்குப்படி 95 டெசிபலுக்குக் கொஞ்சம் மேலே. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகும் என்பது விதி. 80-க்கு 40 மணி, 83-க்கு 20, 86-க்கு 10 என்று இறங்கினால் 95-க்கு வாரம் முழுவதுக்கும் ஒன்றேகால் மணி நேரம்தான்! அவனோ ஒரு நாளைக்கே மூன்று மணி நேரம் கேட்பவன். தோராயக் கணக்குதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தப்பு இரண்டு மடங்கு இருந்தாலும் விடை மாறாது. அவன் முகம் வெளுத்துவிட்டது. அறந்தாங்கி பஸ்ஸில் போகும்போது எவ்வளவு வைப்பான் என்று அளக்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

நாம் மட்டும் இப்படி இல்லை. 12 வயது முதல் 35 வயது வரை உள்ளவர்களில் 100 கோடிக்கும் மேற்பட்டோர் இந்த ஆபத்தில் இருப்பதாக அதே உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னது. அவர்களில் பலருக்கு அப்பா மைக்செட்காரராக இருந்திருக்க மாட்டார். பார்த்துப் பயப்பட வீட்டில் ஆள் இல்லை. எனக்கு இருக்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

காசு கொடுத்தால் காது வருமா?

விலையைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 2017-இல் ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆராய்ச்சியாளர் 283 ஹெட்போன்களின் அதிர்வெண் அளவீடுகளை விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். விலைக்கும் ஒலியின் அந்த அளவுக்கும் தொடர்பே தெரியவில்லை! நம் காது 'நன்றாக இருக்கிறது' என்று சொல்வதில் பெரும்பங்கு அந்த வரைபடத்துக்குத்தான். உள்ளே சுருளா, படலமா என்பது இரண்டாவது. நன்றாகச் சரிசெய்த சாதாரண டைனமிக் இயர்போன், கவனமில்லாமல் செய்த பிளேனாரை எளிதாக முந்திவிடும். பிளேனாரின் சிறப்புகள் நிஜம். ஆனால் பெட்டியில் பிளேனார் என்று அச்சடித்திருப்பது மட்டும் சிறப்பாகிவிடாது.

இன்னொன்று. ரப்பர் முனை காதில் சரியாகப் பொருந்தாவிட்டால் எந்த விலைக் கருவியிலும் அடிநாதம் ஓடிவிடும். உடனே நாம் என்ன செய்கிறோம்? சத்தத்தை ஏற்றுகிறோம். சரியான அளவு முனை போட்டால் வெளி இரைச்சலும் குறையும், சத்தத்தையும் குறைக்கலாம். ஒரு ஜோடி முனை சில பத்து ரூபாய்தான். ஆனால் அதே காரணத்தால் சாலையில் நடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் அதை மாட்டவே கூடாது. பின்னால் வரும் லாரி உங்களுக்காகப் பாட்டு முடியும் வரை காத்திருக்காது!

செய்து பார்த்தால் என்ன?

"அப்போ வாங்கவே கூடாதா?" என்று கேட்பீர்கள். சம்பாதிக்கும்போது தாராளமாக வாங்குங்கள், நானும் வாங்குவேன். அதற்கு முன் ஒன்றைச் செய்து பாருங்கள். துறைக் கண்காட்சிக்காக நாங்கள் நான்கு பேர் செய்தோம். பழைய ஓ.ஹெச்.பி. ஷீட் ஒன்று. சமையலறை அலுமினியத் தாளில் 3 மில்லிமீட்டர் அகலக் கீற்று, ஒரு மீட்டர் நீளத்துக்கு, மேலும் கீழுமாக வளைத்து ஒட்டினோம். பின்னால் பட்டைக் காந்தங்களை வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்கு என்று மாற்றி மாற்றி வரிசையாக வைத்தோம்.

ஏன் மாற்றி வைக்க வேண்டும்? கீற்று வளைந்து திரும்பும்போது மின்னோட்டத்தின் திசையும் திரும்புகிறது. இரண்டு காந்த வரிசைகளுக்கு நடுவே காந்தப்புலமும் ஒன்றுவிட்டு ஒன்று திசை மாறுகிறது. இரண்டும் சேர்ந்து மாறுவதால் விசை மட்டும் எல்லா இடத்திலும் ஒரே பக்கம்! இடக்கை விதியைப் பரீட்சைக்காக எத்தனை தடவை எழுதியிருப்பேன். அன்றைக்குத்தான் அது என் விரலில் வந்து உட்கார்ந்தது.

செய்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அந்தக் கீற்றின் ரெசிஸ்டன்ஸ் ஏறத்தாழ அரை ஓம்தான். நேராக ஆம்ப்ளிஃபயரில் கொடுத்தால் ஷார்ட் ஆனது மாதிரிதான். தொடரில் ஒரு 4.7 ஓம், 10 வாட் கம்பிச்சுற்று ரெசிஸ்டர் போடுங்கள். எங்களுக்கு ஆன செலவு அறுநூறு ரூபாய்க்குள். சத்தம் எப்படி? தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பாடுவது மாதிரி! ஆனால் பாடியது நண்பர்களே, ஓ.ஹெச்.பி. ஷீட் பாடியது! தோழன் தன்னுடைய பன்னிரண்டாயிரத்தை அன்றைக்கு மேசையிலேயே வைத்துவிட்டு இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான்.

சங்கத்துக்கு ஒரு கோரிக்கை

ஆளுக்கு ஒன்று தவணையில் வாங்குவதைவிட, சங்கத்தின் சார்பில் நல்ல பிளேனார் ஒன்றும், அளவெடுக்கும் மைக் ஒன்றும் வாங்கி ஆய்வகத்தில் வைக்க வேண்டும். வேண்டியவர்கள் வந்து கேட்கட்டும். தங்கள் இயர்போனைக் கொண்டுவந்து, தாங்கள் வழக்கமாக வைக்கும் சத்தத்தை அளந்து பார்க்கட்டும். எத்தனை மில்லிவோல்ட், எத்தனை டெசிபல், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். பெயர் வேண்டாம், எண் போதும்.

இது நம் மண்ணுக்குப் புதிதில்லை. இங்கிருந்து இருபது கிலோமீட்டர் தூரத்தில் குடுமியான்மலை இருக்கிறது. சிகாநாதர் கோயில் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் ஓர் இசைக் கல்வெட்டு உண்டு. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கணிக்கிறார்கள். ஏழு ராகங்களின் சுரக்கோவைகளை வரிசை வரிசையாகக் கிரந்த எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். அதைச் செய்தவன் ருத்ராசாரியர் என்பவரிடம் பாடம் கேட்ட ஓர் அரசன். யாருக்காகச் செய்தான் தெரியுமா? மாணவர்களின் நன்மைக்காக என்று அந்தக் கல்வெட்டே சொல்லி முடிகிறது! அவன் தெரிந்துகொண்டதைத் தன் அரண்மனைக்குள் பூட்டிவைக்கவில்லை, வெட்டவெளிப் பாறையில் எழுதினான். நாம் ஒரு அறிவிப்புப் பலகையில் எழுத முடியாதா?

போன மாதம் தோழன் தன் போனில் சத்தத்தின் அளவைப் பாதிக்கும் கீழே இறக்கி, அதற்கு மேல் ஏறாதபடி பூட்டுப் போட்டுக்கொண்டான். முதல் மூன்று நாள் "ஒண்ணுமே கேக்கலடா" என்று புலம்பினான். நான்காம் நாள் ராத்திரி என்னை எழுப்பி, "டேய், சின்னதா வெச்சாலும் அந்த ஜல்லு சத்தம் கேக்குதுடா!" என்றான்.

கேட்கும், நண்பா. காது இருக்கிற வரைக்கும் கேட்கும். பத்து மில்லிவோல்ட் போதும்.



— மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை